தாத்தா எந்த ராஜ்யம்?

நான் ஒரு பள்ளி உபாத்தியாயன். தேனி ஜில்லாவில், மேற்கே நிமிர்ந்தால் மலைச் சுவர் தெரியும் ஓர் ஊரில், இருபது வருஷமாகச் சரித்திரமும் பூகோளமும் கற்பித்து வருகிறேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வாரத்தில் கரும்பலகையில் தமிழ்நாட்டின் படம் வரைவது என் வழக்கம். கிழக்குப் பக்கம் வரைவதில் கஷ்டமே இல்லை. கடல் அங்கே தானாகவே கோடு போட்டு வைத்திருக்கிறது. மேற்குப் பக்கம் வரும்போதுதான் என் கை சற்றுத் தயங்கும்.

சென்ற வருஷம் அப்படி நான் தயங்கி நின்றதைப் பார்த்து முன் பெஞ்சிப் பையன் ஒருவன், "ஸார், நீங்கள் பிறந்த ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"அப்படியானால் நீங்கள் மலையாளியா, ஸார்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் ஏறக்குறைய அதே கேள்வியை, சிரிக்க முடியாத ஓர் இடத்தில், என் அக்காள் மகளிடம் வேறொருவர் கேட்டிருந்தார். அதனால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வருஷம் நஷ்டமாயிற்று. அந்தச் சமாசாரத்தை எழுதலாமா, வேண்டாமா என்று நெடுநாள் யோசித்தேன். எல்லைப்புறத்தில் வாழும் குடும்பங்கள் நம் தேசத்தில் அநேகம். அவர்களில் யாருக்காவது பயன்படட்டும் என்றே இப்போது எழுதத் துணிந்தேன்.

என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கங்காணி ஒருவர் வந்து, "மேலே மலையில் வேலை இருக்கிறது, கம்பளியும் அரிசியும் தருகிறார்கள்" என்று சொல்லி ஆட்களைத் திரட்டினார். தாத்தாவும் புறப்பட்டார். போடிநாயக்கனூர் வந்து, அங்கிருந்து கொட்டகுடி வழியாகச் செங்குத்தான காட்டுப் பாதையில் ஏறி, டாப் ஸ்டேஷன் என்ற உச்சியை அடைந்து, அதற்கப்பால் மூணாறுத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தோட்டங்களின் கதை 1877-ல் தொடங்குகிறது. பூஞ்சாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு அழிந்து தேயிலை முளைத்தது. மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால் மலையில் வேலை செய்த கைகளில் பெரும்பாலானவை சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து வந்தவை. விளைந்த தேயிலையும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போய், பாண்டி நாட்டு வழியாகவே வெளியேறியது. மலைமேல் ஒரு சிறிய ரயில்கூட ஓடிற்று. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது என்னவென்றால், மகாராஜாவின் ராஜ்யத்துக்கும் ஆங்கிலேயர் மாகாணத்துக்கும் இடையே எல்லை அப்போதும் இருந்தது. ஆனால் அந்த எல்லை என் தாத்தாவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் ஏறும்போது மூச்சு வாங்கிற்றே தவிர, ராஜ்யம் மாறியது அவருக்குத் தெரியாது. ஊர்த் திருவிழாவுக்கு இறங்கினார். பிறகு மறுபடி ஏறினார். என் தகப்பனார் 1948-ல் மலைமேல் ஒரு லயத்தில் பிறந்தார். நானும் என் அக்காளும் பிறந்ததும் அதே லயத்தில்தான்.

தேசம் விடுதலை அடைந்த பிறகு, பாஷையை அடிப்படையாகக் கொண்டு ராஜ்யங்களைத் திருத்தி அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அது நியாயமான கோரிக்கை. தாய்மொழியில் சர்க்கார் நடக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? 1953-ல் மூவர் அடங்கிய கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. பஸல் அலி தலைவர்; குன்ஸ்ருவும் பணிக்கரும் அங்கத்தினர்கள். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஒன்பது தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கும்படி அங்கிருந்த தமிழர்கள் போராடினார்கள். 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் போயின. முடிவில், 1956 நவம்பர் 1-ஆம் தேதி, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட மற்றவை அந்தப் பக்கமே நின்றன.

தேவிகுளத்தில் தமிழர் தொகை அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால், "தோட்டத் தொழிலாளிகள் இன்று வந்து நாளை போகிறவர்கள், அவர்களை நம்பி எல்லை போடலாமா?" என்ற வாதம் அன்று பலமாகப் பேசப்பட்டது. என் தாத்தா அப்போது மலையில் பல வருஷங்கள் கழித்திருந்தார். அதற்குப் பிறகும் அவர் போகவில்லை, அங்கேயே மண்ணானார்.

நான் எந்த ராஜ்யத்தின் மீதும் குறை சொல்ல வரவில்லை. தேவிகுளம் இந்தப் பக்கம் வந்திருந்தால், அங்கே உள்ள மலையாளிகள் எங்களைப் போல் ஆகியிருப்பார்கள். கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்கு ஓரத்தில் மலையாளம் பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பாஷை எண்ணெய் போன்றது. துணியில் பட்ட இடத்தோடு நிற்காமல் சுற்றிலும் பரவும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனால் எங்கே வெட்டினாலும் கொஞ்சம் கறை அந்தத் துண்டிலும் இருக்கத்தான் செய்யும். நம் அரசியல் சட்டத்தைச் செய்தவர்களும் இதை உணராமல் இல்லை. 1956-ஆம் வருஷத்துத் திருத்தத்திலேயே, சிறுபான்மைப் பாஷைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். அந்தச் சிறுபான்மையோரின் நலனைக் கவனிக்கத் தனி அதிகாரி ஒருவரையும் ஏற்படுத்தினார்கள். மலைமேல் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடந்ததால்தான் என் தகப்பனார் நாலெழுத்துக் கற்றார்.

எனக்கு ஆறு வயதானபோது என்னை மட்டும் கீழே, தாத்தாவின் ஊரில் இருந்த பெரிய பாட்டியிடம் அனுப்பினார்கள். "ஒருவனாவது மேலே படிக்கட்டும்" என்பது தகப்பனாரின் எண்ணம். அக்காள் மலையிலேயே தங்கினாள். பதினெட்டு வயதில் கொழுந்து கிள்ளப் போனாள். நாங்கள் பட்டியல் ஜாதியைச் சேர்ந்தவர்கள். என் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராம அதிகாரி பாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் ஜாதிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு காகிதத்தின் உதவியால் உபகாரச் சம்பளம் பெற்று, சர்வகலாசாலைப் பட்டம் வாங்கி, இன்று உங்கள் முன் பேனா பிடித்திருக்கிறேன்.

என் அக்காள் மகள் என்னைவிடப் புத்திசாலி. பன்னிரண்டாவது வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கினாள். சர்க்கார் கல்லூரியில் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட வேண்டும். அதற்கு ஜாதிச் சான்றிதழ் வேண்டும். கச்சேரிக்குப் போனாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம்.

"உன் குடும்பம் 1950-ல் எங்கே இருந்தது, அம்மா? அதற்குக் காகிதம் இருக்கிறதா?"

வாசகர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். அதன் காரணம் இதுதான். அரசியல் சட்டத்தின் 341-ஆவது ஷரத்தின்படி, பட்டியல் ஜாதிகளின் ஜாபிதாவை ராஷ்டிரபதி ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனித்தனியே 1950 ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்டார். ஒரு ஜாதி ஓர் இடத்தில் பட்ட கஷ்டம் வேறோர் இடத்தில் அதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா? ஆகையால் சலுகையும் இடத்தோடு கட்டப்பட்டது. ஒரு ராஜ்யத்தில் பட்டியலில் உள்ளவர் இன்னொரு ராஜ்யத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்புக் கூறியது. ஆகவே, 1950-ல் குடும்பம் எங்கே வசித்தது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

சட்டத்தில் தர்க்கம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளியிடம் காகிதம் எங்கே இருக்கும்? அவன் இருக்கும் லயம் கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காலி செய்துவிட வேண்டும். நிலம் இல்லை, ஆகவே பட்டா இல்லை. வீடு இல்லை, ஆகவே வரி ரசீதும் இல்லை. மூன்று தலைமுறை ஒரே மலையில் வாழ்ந்தும், வாழ்ந்ததற்கு அடையாளமாக அவனிடம் இருப்பது கைகளில் காய்த்த தழும்புதான். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி எழுபது பேரைக் கொண்டுபோனதே, நினைவிருக்கிறதா? இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களைத் தேடிக் கயத்தாறுப் பக்கத்திலிருந்து உறவினர்கள் மலையேறினார்கள். அந்த மண்ணிலேயே புதைந்தவர்களை அந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்ல என்று யார் சொல்ல முடியும்?

அக்காள் மகள் எனக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். "மாமா, உங்களுடைய சான்றிதழின் நகல் ஒன்று அனுப்புங்கள். நம் ஜாதி இன்னது என்பதற்கு அது அத்தாட்சியாகுமே" என்றாள். நானும் பெருமையோடு அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.

அந்த நகல்தான் வினையாக முடிந்தது. கச்சேரியில் அதைப் பார்த்தவர், "உன் தாய்மாமனுக்குத் தமிழ்நாட்டில் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அங்கேயே போய்க் கேள்" என்று மனுவைத் திருப்பிவிட்டார்.

நான் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு, பாட்டியின் ஊரைச் சேர்ந்த கச்சேரிக்குப் போனேன். அங்கே இருந்தவரும் மரியாதைக்காரர்தான். ஆதாரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெண் பிறந்தது கேரளம், படித்தது கேரளம், தாய் தகப்பனார் வசிப்பது கேரளம். நாங்கள் எப்படிக் கொடுப்பது? அங்கேதான் கேட்க வேண்டும்" என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நம் தாத்தா எந்த ராஜ்யம்?" என்று கேட்டாள். என் தகப்பனாரைத்தான் சொன்னாள். இருபது வருஷமாக எல்லைகளைப் பற்றிப் பாடம் சொல்லும் எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டத்தின் எழுத்தை நேர்மையாகப் படித்தால், தவறான பக்கத்தில் காகிதம் வாங்கியவன் நானாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்றுதான் முதன்முதலில் என் மனத்தில் தைத்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவனை ஆறு வயதில் கீழே அனுப்பினார்கள். மற்றவளை மேலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்த சான்றிதழே அவள் மகளுக்குக் கிடைக்க வேண்டியதைத் தடுத்து நின்றது.

இந்த மாதிரிச் சங்கடம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அகஸ்தியர் மலைச் சாரலில் காணிக்காரர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மலைக்கு இரு புறமும் அவர்கள் குடிகள் உண்டு. தமிழ்நாட்டின் பழங்குடி ஜாபிதாவில் அவர்கள் பெயருக்கு நேரே, 'கன்னியாகுமரி ஜில்லாவிலும் செங்கோட்டைத் தாலுகாவிலும்' என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஏன் தெரியுமா? அவை இரண்டும் பழைய திருவிதாங்கூர்ப் பகுதிகள். பாபநாசத்து மலையில் இருந்த காணிக்காரர் பழைய சென்னை மாகாணத்து அம்பாசமுத்திரம் தாலுகாவில் இருந்ததால் ஜாபிதாவுக்கு வெளியே நின்றார்கள். பிற்பாடுதான் அந்தத் தாலுகாவின் பெயரும் சேர்க்கப்பட்டது. மகாராஜா போய், சமஸ்தானம் போய், இத்தனை வருஷங்கள் கழிந்தும், அவருடைய எல்லைக் கோடு மட்டும் ஜாபிதாவில் உயிரோடு இருந்து வந்தது!

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த வருஷம் கல்லூரி இடங்கள் நிரம்பிவிட்டன. அக்காள் மகள் தாயாரோடு கூடத் தோட்டத்துக்குத் தற்காலிக வேலைக்குப் போனாள். "இப்படித்தான் நானும் ஆரம்பித்தேன்" என்று அக்காள் சொன்னபோது அவள் குரலில் கோபமில்லை; அதுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

தசரா விடுமுறையில் நான் மலைக்குப் போனேன். போடியிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் பஸ் ஏறும்போது, என் தகப்பனார் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மழை நாட்களில் பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகுமாம். அப்போதெல்லாம் உபாத்தியாயர் பிள்ளைகளை விட்டுவிட்டு முதலில் ரிஜிஸ்தர்களைத்தான் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாராம். அந்தப் பெட்டி இன்னும் இருக்குமோ?

பள்ளிக்கூடம் இருந்தது. தலைமை உபாத்தியாயர் ஒரு மலையாளி. ஓய்வு பெறும் வயது. நான் விஷயத்தைச் சொன்னதும், "வாருங்கள், மாஷே" என்று சொல்லி உள் அறைக்கு அழைத்துப் போனார். இரும்புப் பெட்டி மூலையில் இருந்தது. அவரும் நானும் தரையில் உட்கார்ந்து, செல்லரித்த ரிஜிஸ்தர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினோம். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. ஆகையால் வருஷத்தை அவர் பார்த்துக் கொடுத்தார், பெயர்களை நான் படித்தேன். மாலை நாலு மணிக்கு 1953-ஆம் வருஷத்து ஏட்டில் என் தகப்பனாரின் பெயர் கிடைத்தது. தகப்பன் பெயர், தொழில், ஜாதி, பிறந்த தேதி எல்லாம் இருந்தன. 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் அந்தத் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் எழுதியிருந்தது.

நான் மேலே படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். அவர் ஏட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நகல் நான் எழுதி முத்திரை வைத்துத் தருகிறேன், கச்சேரிக்கும் கூட வருகிறேன்" என்றார். மறுநாள் சொன்னபடியே வந்தார். அங்கே எங்களுக்காக மலையாளத்தில் அரை மணி நேரம் வாதாடினார். முன்பு மனுவைத் திருப்பிய அதே மனிதர் இந்த முறை ஏட்டின் நகலை இரண்டு தடவை படித்துவிட்டு, விசாரணைக்கு உத்தரவிட்டார். சான்றிதழ் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. மறு வருஷம் அக்காள் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது இரண்டாவது வருஷம் படிக்கிறாள்.

ஒரு ரிஜிஸ்தர் அகப்பட்டதால் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வழி பிறந்தது. அகப்படாதவர்கள் என்ன செய்வார்கள்? ராஜ்யங்களுக்கு எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டல், போலீஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் எல்லை அவசியம். ஆனால் எல்லை போட்டபோது அங்கே வாழ்ந்தவர்களை அதன் இரு பக்கத்துச் சர்க்கார்களும், "நீ அவர்களுடைய ஆள்" என்று ஒருவருக்கொருவர் தள்ளிவிடுவது தகுமா? இரண்டு ராஜ்யத்து அதிகாரிகளும் ஒரு நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும். தோட்டத்துச் சம்பளப் புத்தகம், ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளி ரிஜிஸ்தர், கோயில் அல்லது மாதாகோவில் ஏடு ஆகியவற்றில் எது கிடைத்தாலும் அதை அத்தாட்சியாக ஏற்பது என்று முடிவு செய்யலாம். காகிதம் ஒன்றும் இல்லாத குடும்பத்துக்குச் சர்க்காரே நேரில் விசாரித்து எழுதிக் கொடுக்கலாம். இது நடக்கக்கூடாத காரியமல்ல.

அதுவரையில், எல்லைப்புறத்துக் குடும்பங்களுக்கு ஓர் உபாத்தியாயனுடைய விண்ணப்பம்: வீட்டில் உள்ள பழைய காகிதம் எதையும் அடுப்பில் போடாதீர்கள். தாத்தாவின் சம்பளச் சீட்டு, பாட்டியின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

இந்த வருஷமும் கரும்பலகையில் படம் வரைந்தேன். மேற்கே கோடு போட்டு முடித்ததும், கோட்டை ஒட்டி டாப் ஸ்டேஷனை ஒரு புள்ளியாகக் குறித்தேன். "இந்த ஊர் நம் தேனி ஜில்லாவைச் சேர்ந்தது, ஆனால் பஸ்ஸில் போக வேண்டுமானால் கேரளத்துக்குள் நுழைந்து, மூணாறு போய்த்தான் திரும்ப வேண்டும்" என்று சொன்னேன். பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். சென்ற வருஷம் கேள்வி கேட்ட பையனின் தம்பி இப்போது என் வகுப்பில் இருக்கிறான். "அங்கே இருக்கிறவர்கள் யார், ஸார்?" என்று அவன் கேட்டான். நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் தாத்தா கொட்டகுடிப் பாதையில் மலையேறிய கதையைச் சொல்லத் தொடங்கினேன்.